பறவைகளைப் பார்க்கச் சொன்னார்கள்

என் மகள் ஜேர்மனியின் வடகடல் கரையில் பறவைகளைப் பற்றிப் படிக்கப் போயிருக்கிறாள் என்றுதான் அந்த வருடம் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தால் அனுப்பியிருக்கிறார்கள், வசந்தத்தில் வந்து போகிற பறவைகளைப் பார்த்துக் கட்டுரை எழுத வேண்டும், தங்குமிடம் சாப்பாடு எல்லாம் அவர்களே கொடுக்கிறார்கள். சாப்பாடு என்ற சொல்லை அந்தப் பொய்க்குள் ஏன் வைத்தேன் என்று எனக்கே தெரியாது. நாங்கள் இருக்கும் எசன் நகரத்துத் தமிழ்க் கடையில் கண்டவர்கள், அம்மன் கோயிலில் கண்டவர்கள், கனடாவிலிருந்து சனிக்கிழமை தவறாமல் தொலைபேசி எடுக்கும் என் அக்கா, எல்லோருக்கும் ஒரே கதைதான்.

"பறவையோ? அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது?" என்று அக்கா கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டது எனக்குப் பெரிய நிம்மதி. வேலை கிடைக்குமா என்று கவலைப்படுகிற ஆளுக்குப் பிள்ளை உயிரோடு இருப்பாளா என்ற சந்தேகம் வராது.

உண்மை என்னவென்றால், என் பதினாறு வயதுப் பிள்ளை சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். ஒரேயடியாக அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக, நாங்கள் கவனித்து விளங்கிக்கொள்வதற்குள். வீட்டு வைத்தியர், அவருக்கு மேல் பெரிய வைத்தியர், பிறகு காத்திருப்பு. கடைசியில் இடம் கிடைத்தது வடகடல் கரையில், சாப்பிட மறுக்கும் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற ஒரு மருத்துவ விடுதியில். எசனிலிருந்து காரில் போனால் பாதி நாள் போய்விடும். விடுதிக்குப் பின்னால் கடல் அணை. அணைக்கு அந்தப் பக்கம் கடலோரப் பூங்கா: உப்புத் தண்ணீர் ஏறி வற்றுகிற புல்வெளி, ஒரு குளம், பலகை போட்ட நடைபாதை, ஒளிந்திருந்து பறவை பார்க்க ஒரு மரக் குடில், இடைக்கிடை உட்கார வாங்குகள். ஆகவே நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. பறவைகள் இருந்தன, மகளும் அங்கேதான் இருந்தாள்.

பொய் சொன்னால் அதற்குக் கொஞ்சம் சரக்கும் வேண்டும். அக்கா லேசில் விடுகிற ஆள் இல்லை. "இந்தக் கிழமை என்ன பறவை பார்த்தவளாம்?" என்று கேட்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பார்க்கப் போகும்போது நானும் அதையே அவளிடம் கேட்கத் தொடங்கினேன். வேறு எதையும் கேட்கவும் விடமாட்டார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்பது விடுதியின் சட்டம். உடம்பைப் பற்றி, உடுப்பைப் பற்றி, மெலிந்தாய் கொழுத்தாய் என்று மூச்சும் விடக்கூடாது. நான் தெரியாமல்தான் கேட்கிறேன், யாழ்ப்பாணத்தாள் ஒருத்தி பிள்ளையைக் கண்டதும் "சாப்பிட்டியோ" என்று கேட்காமல் வேறு என்னத்தைக் கேட்பாள்? எங்களுக்கு வணக்கமும் அதுதான், அன்பும் அதுதான், சண்டை பிடித்த பிறகு சமாதானமும் அதுதான். அந்த ஒரு சொல்லைப் பிடுங்கிவிட்டு, இனிப் பிள்ளையோடு கதையுங்கள் என்று எங்களை ஒரு அறையில் விட்டார்கள்.

என் கணவருக்கு அந்த அறையில் இருக்கவே முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவ்வளவு தூரம் காரோட்டி வருவார், உள்ளே வந்து மகளின் தலையில் கை வைப்பார், உடனே "பெற்றோல் அடிச்சுக்கொண்டு வாறன்" என்று வெளியே போய்விடுவார். ஒரு காருக்கு அவ்வளவு பெற்றோல் தேவையில்லை. கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே இருந்து அழுவார் என்பது எனக்குத் தெரியும். நான் அழுவது திரும்பி வரும் வழியில், நெடுஞ்சாலையில். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதால் வண்டியை யார் ஓட்டுவது?

ஒருநாள் அவருக்கு வழியில் சாப்பிடக் கட்டிக் கொடுத்த மீன் பணிசை அந்தக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு கடற்காகம் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போய்விட்டது. கோழி அளவு வெள்ளைப் பறவை. அவர் ஓடிவந்து உள்ளே எங்கள் இருவருக்கும் சொன்னார், விரலைக் காட்டினார், "கொஞ்சத்தில விரலும் போயிருக்கும்" என்றார். மகள் சிரித்தாள். பணிஸ் என்ற சொல் வந்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் மறுபடி பெற்றோல் அடிக்கப் போய்விட்டார்.

இதில் இன்னொரு கொடுமை என் தொழில். நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் வயதானவர்களுக்குச் சாப்பாடு தீத்துவதில் அங்கே என்னை மிஞ்ச ஆளில்லை. கரண்டியைக் கீழுதட்டில் மெல்லத் தொட்டுவிட்டு, அவர்களைப் பார்க்காமல், யன்னல் பக்கம் திரும்பி மழையைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ கதைக்க வேண்டும். வாய் தானாகத் திறக்கும். மற்றத் தளங்களில் யாராவது அடம்பிடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். யார் யாருடைய தாய் தகப்பனுக்கோ வயிறு நிரப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, நான் பெற்றது தட்டைத் தள்ளி வைப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எங்கே போய்ச் சொல்ல?

மார்ச் தொடங்கியதும் ஒரு ஞாயிறு, மகள் வாசலிலேயே எங்களுக்காகக் காத்து நின்றாள். தடித்த அங்கி, தொப்பி, கழுத்தைச் சுற்றிச் சால்வை, அதற்குள்ளே எங்கேயோ அவள்.

"அம்மா, கெதியா வாங்கோ. வாத்துகள் வந்திட்டுதுகள்."

அவள் எதையாவது விரும்பிக் கேட்டு மாதக் கணக்காகியிருந்தது. அரை மணித்தியாலம் பூங்காவில் உலாவ அனுமதியும் வாங்கி வைத்திருந்தாள். நான் செருப்பைக்கூட மாற்றவில்லை, வந்த கோலத்தில் அவளுக்குப் பின்னால் போனேன்.

அணையில் ஏறியதும் காற்று கன்னத்தில் அறைந்தது. கீழே புல்வெளி முழுக்கக் காட்டு வாத்துகள், எண்ணித் தீராத கூட்டம், எல்லாம் தலையைக் குனிந்து ஒரே மும்முரமாக மேய்ந்துகொண்டு நின்றன. ஒன்று தலையைத் தூக்கினால் பக்கத்திலிருந்தது ஏதோ முணுமுணுக்கும், உடனே அதுவும் மறுபடி குனிந்துவிடும்.

"கழுத்தில மாத்திரம் ஒரு வெள்ளைக் கோடு இருக்கெல்லோ, அதுகள் ஒரு இனம். அங்கால முகமே வெள்ளையா நிக்கிறதுகள் வேற. பெரியம்மாவுக்கு மாறிச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள் மகள். என் பொய் அவளுக்குத் தெரியும். அதைக் காப்பாற்ற அவளும் தன்னாலானதைச் செய்தாள்.

நடைபாதை ஓரத்தில் ஒரு அறிவிப்புப் பலகை. இந்த வாத்துகள் வடதுருவத்துக்குப் பறக்கப் போகின்றன, அதற்கு முன் கிழமைக் கணக்கில் இங்கே புல்லைத் தின்று கொழுக்க வேண்டும், கொழுக்காதது வழியில் விழுந்துவிடும் என்று படம் போட்டு எழுதியிருந்தது. வாசித்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டேன். மகள் அந்தப் பலகையைக் கடந்து போய்விட்டிருந்தாள்.

அப்போது ஒரு பறவை வானத்திலிருந்து தலைகீழாக விழுந்தது. விழுந்து மோதப்போகிறது என்று நான் நெஞ்சில் கை வைக்க, நிலத்துக்குச் சற்று மேலே திரும்பி எழும்பிக் கத்திக்கொண்டு போனது. தலையில் கொண்டை. ஜேர்மன்காரர் அதைக் கீபிட்ஸ் என்கிறார்கள் என்று மகள் சொன்னாள். எனக்கு அந்தக் கத்தலும் பதற்றமும் முன்பே பழக்கமானவை.

"இது எங்கட ஆட்காட்டிக் குருவியின்ர சொந்தக்காரனெல்லே!"

"அப்பிடியெண்டா?"

"ஆள் நடமாடினால் கத்திக் காட்டிக்குடுத்துப்போடும். ஒளிச்சு ஒண்டும் செய்யேலாது. அதாலதான் ஆட்காட்டி."

அவள் அந்தச் சொல்லை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தமிழ்ச் சொல் ஒன்றை அவள் விரும்பி வாங்கிக்கொண்டது எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று இரண்டு முயல்களையும் கண்டோம். பின்னங்காலில் எழும்பி நின்று ஒன்றையொன்று அறைந்துகொண்டிருந்தன. "புருசனும் பெண்சாதியும் போல" என்றேன். "அது பெண் முயல் அடிக்குது அம்மா. எனக்கு வேண்டாம் எண்டு சொல்லுது" என்றாள். குளத்தில் சிவப்புச் சொண்டுக்காரன் ஒருவன், கரைச் சேற்றில் ஊசிபோல் காலுள்ள சின்னஞ் சிறியவை. கடல் வற்றின மணல் திட்டில் கடல்நாய் ஒன்று படுத்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் போனால் தெரியும் என்றாள். போனோம். இன்னும் கொஞ்சம் என்றாள். அதற்கும் போனோம். அவள் முன்னால் விறுவிறு என்று போக, நான் மூச்சு வாங்கிக்கொண்டு, மனம் நிறைந்து, பின்னால் போனேன். எதிலாவது ஆசை வந்துவிட்டதே, ஆசை வந்தால் பசியும் வரும்தானே! திரும்பி வரும்போது அவள் கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. அந்தச் சிவப்பைக் கண்டு அம்மாளாச்சியை அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவளுக்கு ஒரு தொலைநோக்கி வாங்கிக்கொண்டு போனேன். கழுத்தில் மாட்டிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். அந்த மாதம் முழுக்க எங்களுக்கு அதுதான் வாழ்க்கை. கிழமை நாட்களில் நான் கிழவர்களுக்குச் சாப்பாடு தீத்துவேன், சனிக்கிழமை அக்காவுக்குப் பறவைக் கதை சொல்வேன், ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பின்னால் ஓடுவேன். அக்காவே "பரவாயில்லை, பிள்ளை உசாராத்தான் இருக்கிறாள்" என்று சொல்லுமளவுக்கு என் கதை முன்னேறியிருந்தது.

விடுதியில் மகளைப் பொறுப்பாகப் பார்த்தவர் ஒரு உயரமான தாதி, அந்தக் கரையைச் சேர்ந்தவர். ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைத்துத் தருவதுபோல் ஆறுதலாகக் கதைப்பார். ஒரு ஞாயிறு நாங்கள் உலாவிவிட்டு வரும்போது அவர் கதவடியில் நின்றார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இன்றைக்கு அணையின் கோடிவரை போய்விட்டோம், ஆட்டுக்குட்டிகள் மேய்கிற இடம் தாண்டி, கடல்நாயைக்கூடப் பார்த்தோம் என்று அவிழ்த்துவிட்டேன்.

"கோடிவரையா?" என்றார் தாதி. "அரை மணித்தியாலத்திலா?"

மகளை உள்ளே அனுப்பிவிட்டு என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார். என் மகள் பறவை பார்க்கப் போகவில்லை, நடக்கப் போகிறாள். இங்கே சாப்பிட வைக்கிற கொஞ்சத்தையும் நடந்தே தீர்க்கிறாள். இந்த நோய் வந்த பிள்ளைகள் செய்வதுதான், தாயை ஏமாற்ற வேண்டும் என்று செய்வதில்லை, அவர்களால் நடையை நிறுத்த முடிவதில்லை.

அந்தத் தாதியின் கன்னத்தில் ஒன்று போட வேண்டும்போல் எனக்குக் கை துடித்தது. என் பிள்ளையைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? வாத்தின் கழுத்துக் கோடு தெரிந்த பிள்ளை, பெண் முயல் ஏன் அடிக்கிறது என்று தெரிந்த பிள்ளை. எல்லாவற்றையும் சொன்னேன். தாதி மறுக்கவில்லை. "பறவைகளை அவளுக்கு உண்மையாகவே பிடிக்கும். நோய் அதையும் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தொலைநோக்கி நினைவுக்கு வந்தது. கண்ணாடிகளுக்கு மேல் இருந்த கறுப்பு மூடிகளை நான் வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து அவள் கழற்றவே இல்லை. நானும் பக்கத்திலேயே நடந்திருக்கிறேன். ஒவ்வொரு பறவையும் ஏன் எப்போதும் இன்னும் கொஞ்சம் தள்ளியே இருந்தது என்றும், அந்தக் கன்னம் ஏன் சிவந்தது என்றும் அப்போதுதான் விளங்கியது. நான் கும்பிட்டது அந்தச் சிவப்பையா? அந்த அறையில் இருந்து, முன்பின் பழக்கமில்லாத ஒரு பெண்ணின் மேசையில் தலையை வைத்து ஓவென்று அழுதேன்.

உலாவல் அன்றோடு நிறுத்தப்பட்டது. விடைபெற மகளின் அறைக்குப் போனேன். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"நீங்கள்தான் ஆட்காட்டி" என்றாள்.

வைத்தியத்தால் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. இனி யாரிடம் போவது? எங்கள் பெண்கள் இந்த நிலையில் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் அம்மன் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்தேன். பிள்ளை என் கண் முன்னால், தன் கையால், தன் விருப்பத்தில் ஒரு வாய் சாப்பிடும்வரை எனக்கு ஒரு நேரச் சாப்பாடுதான், அதுவும் பொழுதுபட்ட பிறகு. அவளைப் பார்க்கப் போகும் நாளில் பச்சைத் தண்ணீரும் இல்லை. பிள்ளையின் பசியை எனக்குத் தா, அவளுக்கு என்னுடையதைக் கொடு என்று தாயிடம் கேட்டேன்.

முதல் சில நாள் தலை சுற்றியது. வேலையில் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பழகிவிட்டது. பழகியது மாத்திரமில்லை, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு மாதிரி நன்றாகவும் இருந்தது. என் கையில் ஒன்றுமே இல்லாத அந்த நாட்களில் இது ஒன்று என் கையில் இருந்தது. கோயிலில் பெண்கள் சுற்றிவர நின்று பார்த்தார்கள். "அக்கா மெலிஞ்சு வடிவாய் வந்திட்டியள். விரதம் பிடிச்சால் முகத்தில ஒரு களைதான்" என்றார்கள். "என்னால ஏலாது, நீங்கள் பெரிய ஆள்" என்றார்கள். என்ன நேர்த்தி என்று கேட்டவர்களுக்குப் பிள்ளையின் படிப்புக்கு என்று சொன்னேன். பறவைப் படிப்புக்கு!

அம்மாளாச்சி அசையவில்லை. ஏப்ரல் கடைசியில் விடுதியிலிருந்து அழைத்தார்கள். பிள்ளையின் நிறை இறங்கிக்கொண்டே போகிறது, இப்படியே போனால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி மூக்கால் குழாய் விட வேண்டியிருக்கும். அதற்கு முன் ஒன்று செய்து பார்க்கலாம் என்று அந்தத் தாதி சொன்னார். ஞாயிறு பின்னேரச் சிற்றுணவை விடுதிக்குள் அல்லாமல், பூங்காவில் முதல் வாங்கில் இருந்து என்னோடு சாப்பிடட்டும். நடக்கக்கூடாது, இருக்க வேண்டும். நானும் கூடச் சாப்பிட வேண்டும். முக்கியமாக, அவளைப் பார்க்கக்கூடாது.

"பறவைகளைப் பாருங்கள்" என்றார் தாதி. "பறவைகளைப் பற்றிக் கதையுங்கள். அவள் சாப்பிடுகிறாளா இல்லையா என்று மாத்திரம் திரும்பாதீர்கள்."

என் தொழில் ரகசியத்தை எனக்கே திருப்பிச் சொல்கிறார். ஓம், சரி என்றேன். விரதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கடைசியில் நான் ஏமாற்றியதாக யாரும் சொல்லக்கூடாது. அந்த ஞாயிற்றுக்குப் பிறகும் அவளுக்குக் குழாய் போட்டார்கள். அந்த நோய் இன்றைக்கும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. நல்ல கிழமை வரும், அதற்குப் பின்னால் கெட்ட கிழமையும் வரும். ஒரு பின்னேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டதாக எழுத எனக்கு ஆசைதான், ஆனால் இனிமேலும் ஒரு பொய்யைத் தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

அந்த ஞாயிறு வெயில் அடித்தது, ஆனால் காற்று குளிர்ந்தது. தாதி கடதாசியில் சுற்றிய இரண்டு சின்னப் பாண்களைத் தந்தார், உள்ளே வெண்ணெயும் சீஸும். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. தாதி எங்களைப் பார்த்தபடி அணையின் மேல் நின்றுகொண்டார். நாங்கள் இறங்கிப் போய் வாங்கில் இருந்தோம். வாங்குக்குப் பக்கத்தில், கடற்காகங்களிடமிருந்து உங்கள் உணவைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு சின்னப் பலகை.

வாத்துகள் இப்போது நன்றாகப் பருத்திருந்தன. வயிறு நிலத்தில் முட்ட அசைந்து அசைந்து மேய்ந்தன. இன்னும் சில நாளில் போய்விடும். நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மகள் கடதாசியை அவிழ்த்து மடியில் வைத்தாள், அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"நீங்கள் முதல் சாப்பிடுங்கோ" என்றாள்.

"நீ சாப்பிடு பிள்ளை. நான் பிறகு."

"ரெண்டு பேரும் சாப்பிட வேணும் எண்டுதானே சொன்னவை."

"எனக்கு ஏலாது. விரதம்."

"இண்டைக்கு ஞாயிறு. என்ன விரதம்?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஒரு வாய் நீர்கூடக் குடிக்காத வயிறு, ஆத்திரம் வந்துவிட்டது. "உனக்காகத்தான்! நீ சாப்பிடுமட்டும் நானும் சாப்பிடமாட்டன் எண்டு அம்மனுக்கு நேர்ந்திருக்கிறன். எத்தினை கிழமையா எண்டு கேளாதை."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தை, கழுத்தை, தொளதொளத்த சட்டையை. உடம்பைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்ற சட்டம் பிள்ளைகளுக்கும் உண்டு. அவள் கண்ணாலேயே எல்லாவற்றையும் கதைத்தாள்.

"கோயில்ல ஆக்கள் என்ன சொல்லினம்?" என்று கேட்டாள்.

நான் என் பாணின் கடதாசியை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"நல்லா இருக்கிறியள் எண்டு சொல்லியிருப்பினம். பெரிய ஆள் எண்டு சொல்லியிருப்பினம். நான் சாப்பிடாட்டி அது நோய். நீங்கள் சாப்பிடாட்டி அது சாமியோ அம்மா? எனக்குக் குழாய், உங்களுக்கு மாலையோ?"

எனக்கு எவ்வளவோ பேர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். அதைப்போல் ஒன்று என் நெஞ்சில் விழுந்ததில்லை. அவள் சொன்னது சரி. அந்தக் களையை, அந்தத் தெம்பை, பசி தன் கைக்குள் அடங்கிக் கிடக்கிற அந்தச் சுகத்தை அவளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இந்த உலகத்தில் என்னை அப்படியே விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் என் பக்கத்தில் இருந்தாள்.

மடியில் இருந்த பாணைப் பார்த்தேன். நேர்த்தியை இடையில் முறித்தால் என்ன நடக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அம்மன் கோபித்தால் எனக்கு ஒன்றும் செய்யமாட்டாள், என் பிள்ளையில்தான் கை வைப்பாள். கை வைக்க அந்தப் பிள்ளையில் இனி என்ன இருக்கிறது? தாயே, கோபமென்றால் என் தலையில் இறக்கு, இவளில் வேண்டாம் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு பாணைக் கடித்தேன்.

விழுங்க முடியவில்லை. மென்றேன், மென்றேன், வாய்க்குள் அது பெருகிக்கொண்டே போனது. மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பாடு இறங்கவே இறங்காது என்று நான் அன்றுதான் கண்டேன்.

"அங்கால பார் பிள்ளை" என்றேன் நிறைந்த வாயோடு. "பறவையைப் பார்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு இறங்கியது. பாதிப் பாணைச் சாப்பிட்டுவிட்டேன். அவளுடையது மடியில் முழுதாக அப்படியே கிடந்தது. கொடுத்திருந்த நேரம் முடிந்துகொண்டு வந்தது. அணையின் மேல் தாதி கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். விரதமும் போயிற்று, பிள்ளையும் சாப்பிடவில்லை.

அது எங்கிருந்து வந்ததோ தெரியாது. தலைக்கு மேலால் வெள்ளையாக ஒன்று இறங்கியது, இறக்கை மகளின் கன்னத்தில் அடித்தது, கடதாசி கிழிந்தது. கடற்காகம் முழுப் பாணையும் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டது.

"ஏய்!" மகள் துள்ளி எழுந்தாள். "அது என்ர! குடு! அது என்ர சாப்பாடு!"

கையை ஓங்கிக்கொண்டு நின்று தமிழிலும் ஜேர்மனிலும் கத்தினாள். வாத்துகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. கடற்காகம் கொஞ்சத் தூரத்தில் இறங்கி, வேறு இரண்டு வந்து பங்கு கேட்பதற்குள் அவசரம் அவசரமாக விழுங்கியது. மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வாங்கில் விழுந்து, சின்னப் பிள்ளையில் விளையாட்டுச் சாமானைப் பறிகொடுத்தால் அழுவாளே, அப்படி அழுதாள். "அது என்ர" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓம் குஞ்சு, உன்னுடையதுதான் என்று மனதுக்குள் சொன்னேன். என் கையில் மிச்சம் இருந்த பாதியை, நான் கடித்த பக்கத்தை என் பக்கம் திருப்பி, அவளுக்கு நீட்டினேன். நீட்டிவிட்டு, பயிற்சி அப்படி, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பறவைகளைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் எதையும் அப்படிப் பார்த்ததில்லை. கண் எரிந்தது, தண்ணீர் வழிந்தது, இமைக்கப் பயமாக இருந்தது. கை அப்படியே நீண்டுகொண்டு நின்றது, வலித்தது. பிறகு கையிலிருந்த பாரம் இல்லாமல் போனது. கடற்காகமா, மகளா? திரும்பிப் பார்க்கக்கூடாதே. எதையாவது கதைக்க வேண்டும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அந்தக் கரையில நிக்கிறதுகள் வடிவு, என்ன? கழுத்தில வெள்ளைக் கோடு போட்டதுகள்."

காற்று மட்டும் அடித்தது. பிறகு பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அது கழுத்துக் கோடு இல்லை அம்மா. அதுக்கு முகம்தான் வெள்ளை. எத்தினை தரம் சொல்லியிட்டன்."

சொற்கள் தெளிவாக வரவில்லை. வாயை நிரப்பிக்கொண்டு கதைத்தாள். வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு கதைக்காதே என்று அவளுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து பேசிப் பேசி வளர்த்தவள் நான். அன்றைக்கு, முகம் வெள்ளையான அந்த வாத்துகளையே பார்த்தபடி, "ஓமோ? அப்ப மற்றது என்ன நிறம்?" என்று கேட்டேன்.